ஆற்றங்கரைக் காட்டுக்கு வயதும் உண்டு

மாரி பிறந்ததும் மட்டக்களப்பில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகின்றது. வாவியின் நீர்மட்டம் ஏறிப் படுவான்கரை வட்டைகளில் வேளாண்மை மூழ்கத் தொடங்கியவுடன், ஆற்றுவாயை வெட்டிவிடுமாறு கமக்காரர் கேட்கின்றனர். காலத்துக்கு முந்தி வெட்டினால் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவி மீனவர் தடுக்கின்றனர். கச்சேரியில் கூட்டம் கூடுகின்றது, வாதம் நடைபெறுகின்றது, ஈற்றில் மணல்மேடு வெட்டப்படுகின்றது, அல்லது வெட்டப்படாமல் விடப்படுகின்றது. இரு திறத்தாரின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் வழக்காடும் இடம் ஆற்றின் கடைசி முனை. வழக்கின் மூலமோ பல மைல்களுக்கு அப்பால், ஆறு பிறந்து வரும் மேற்குத் திசையில் இருக்கின்றது.

வெள்ளம் எத்துணை விரைவாக வாவியை அடைகின்றது, எவ்வளவு மண்ணைச் சுமந்து வருகின்றது, மாரி ஓய்ந்தபின் ஆற்றில் எவ்வளவு நீர் மிஞ்சுகின்றது என்பவற்றை முடிவு செய்வதில் ஆற்றங்கரைக் காட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. காடு இருக்கின்றதா இல்லையா என்ற கேள்வியோடு இது முடிந்துவிடுவதில்லை. அந்தக் காட்டின் வயது என்ன என்பதும் ஆற்றின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. நமது சட்டங்கள் காட்டை ஏக்கரில் அளக்கின்றன. ஆற்றங்கரையை மீற்றரில் அளக்கின்றன. மரத்தை வயதால் அளப்பதை மட்டும் மறந்துவிட்டன. இந்தக் குறையையே இவ்வாரம் வாசகர்முன் வைக்க விரும்புகின்றோம்.

பெயர்கள் கூறும் சாட்சியம்

நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது, வயலும் வயல் சார்ந்த நிலத்துக்கு நெல்லின் பெயரை இடவில்லை. ஆற்றங்கரையில் நிற்கும் மருத மரத்தின் பெயரை இட்டனர். வயலுக்கு நீர் தரும் ஆற்றையும், ஆற்றின் கரையைக் காக்கும் மரத்தையும் வயலிலிருந்து பிரித்துப் பார்க்க அவர்கள் விரும்பவில்லை என்று நாம் இதனைக் கொள்ளலாம்.

மட்டக்களப்பின் ஊர்ப்பெயர்களும் இதற்குச் சாட்சியம் கூறுகின்றன. இலுப்படிச்சேனை, மகிழவட்டவான், மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, நாவற்காடு, புளியந்தீவு என்று மரத்தின் பெயரால் ஊர்கள் வழங்குகின்றன. பாலமீன்மடு, மயிலத்தமடு, கல்மடு என்று மடுவின் பெயராலும் ஊர்கள் உள்ளன. ஆற்றில் ஆழமான நீர் தங்கும் இடமே மடு. கோடையில் ஓட்டம் நின்றபின் ஆற்று மீனுக்கும் கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் அதுவே தஞ்சம். மரமும் மடுவும் இவ்வாறு அருகருகே பெயர்களில் நிலைத்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இயற்கையில் இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கரையில் முதிர்ந்த பெருமரம் சரிந்து ஆற்றில் வீழ்கின்றது, நீரோட்டம் அதன்மீது மோதி அடிநிலத்தைக் குடைகின்றது, அவ்விடம் மடுவாகின்றது. முதுமரம் இல்லாத ஆற்றில் இவ்வகை மடு புதிதாகப் பிறப்பதில்லை. பழைய மடுவும் நாளடைவில் மணலால் தூர்ந்துபோகின்றது.

வாவியும் அதன் ஆறுகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரத்தாலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயாலும் அது கடலைச் சந்திக்கின்றது. அவ்வாய்கள் கோடையில் மணலால் அடைபடுகின்றன. மாரியில் மேற்கிலிருந்து வரும் நன்னீர் வாவியை நிரப்புகின்றது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் அந்த மேற்கு நிலத்தின் நீரைத் தேக்கிப் படுவான்கரை வயல்களை வாழவைக்கின்றன. மட்டக்களப்பு நகரத்து வீடுகளுக்குக் குழாயில் வரும் நீரும் உன்னிச்சைக் குளத்து நீரே. ஆதலால் ஆற்றங்கரைக் காடு கமக்காரனுக்கு மட்டும் உரிய விடயம் என்று நகரத்தில் வாழும் வைத்தியரோ, பொறியியலாளரோ, ஆசிரியரோ, வழக்கறிஞரோ எண்ணிவிடுவதற்கு இடமில்லை. அவர்கள் அன்றாடம் அருந்தும் நீர் அந்தக் காட்டைக் கடந்து வந்த நீராகும்.

வடக்கே முந்தனையாற்றின் நிலையையும் நாம் அறிவோம். பெருமழை பெய்தால் வெள்ளம் கிரான் பாலத்தை மூடுகின்றது. புலிபாய்ந்தகல் பக்கத்துக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டுத் தோணியை நம்பி நிற்கின்றன. 1957 டிசம்பர் வெள்ளமும், 1978 நவம்பர் சூறாவளியும், 2011 ஜனவரி வெள்ளமும் முதியோர் நினைவிலும் இளையோர் நினைவிலும் மாறாதிருக்கின்றன. பெருவெள்ளத்தைக் காடு தடுத்து நிறுத்திவிடும் என்று நாம் கூறமாட்டோம். வானம் அவ்வளவு கொட்டும்போது எந்தக் காடும் அதனைத் தாங்கமாட்டாது. ஆனால் வெள்ளம் வடிந்தபின் கரை நிற்கின்றதா, வயலில் மணல் படிகின்றதா, வாய்க்கால் தூர்ந்துபோகின்றதா என்பவை கரையின் வேர்ப் பிடிப்பைப் பொறுத்தவை.

காடு ஆற்றுக்குச் செய்வது என்ன?

ஆற்றங்கரை மரம் நான்கு தொழில்களைச் செய்கின்றது. முதலாவது நிழல். நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகின்றது. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 35 பாகையில் 7 மில்லிகிராமையும் தாங்காது. நமது வரண்ட வலயத்து வெயிலில் நிழலற்ற ஓடையில் மீன்குஞ்சு மூச்சுத் திணறுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது உணவு. நிழல் மூடிய சிற்றோடையில் பாசி அதிகம் வளர்வதில்லை. கரை மரம் உதிர்க்கும் இலையும் பூவும் பழமும் அங்குள்ள பூச்சிக்கும் இறாலுக்கும் உணவாகின்றன. அவற்றை மீன் உண்கின்றது. மீனைக் கொக்கும் நீர்க்காகமும் மனிதனும் உண்கின்றனர். மூன்றாவது வேர். மருதின் வேர் கரை மண்ணைப் பின்னிப் பிடித்திருப்பதை ஆற்றில் இறங்கிக் குளித்த ஒவ்வொருவரும் கண்டிருப்பர். நான்காவது, முன்னர் கூறியபடி, வீழ்ந்த மரம். அது மடுவை உண்டாக்குகின்றது. மணலையும் சருகையும் தடுத்து நிறுத்துகின்றது. வெள்ளத்தின் வேகத்தை இடையிடையே முறிக்கின்றது.

இந்நான்கில் நிழலை இளமரமும் தரும். ஓரளவு இலையையும் தரும். ஆழ வேரோடிய கரையையும், ஆற்றில் பல ஆண்டு கிடக்கத்தக்க பெருமரத்தையும் முதுகாடு ஒன்றே தரும். ஒரு கன்றை நட்டுவிட்டுப் பெருமரத்தை வெட்டிச் செல்வது ஆயிரம் ரூபா கடனுக்கு ஒரு ரூபா கொடுத்துப் பற்றுச்சீட்டுக் கேட்பதற்கு ஒப்பானது.

பிறநாட்டார் கண்ட உண்மை

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அல்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1959 முதல் 1973 வரை ஒரு பெரும் ஆராய்ச்சி நடைபெற்றது. அடுத்தடுத்துள்ள மூன்று ஓடைகளை அறிஞர் தெரிந்தெடுத்தனர். ஃபிளின் ஓடையின் காட்டை அவர்கள் தொடவில்லை. டியர் ஓடையில் காட்டின் ஒரு பகுதியை வெட்டிக் கரையோர மரங்களை விட்டுவைத்தனர். நீடில் ஓடையிலோ 1966 இல் கரைவரை முழுவதையும் வெட்டினர். நீடில் ஓடை நீரின் ஆண்டு உச்ச வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகையிலிருந்து 29 பாகைக்கு ஏறியது. நீரின் ஒட்சிசன் குறைந்தது. அங்கு வாழ்ந்த நன்னீர் மீனினமும் குறைந்தது. கரைமரம் விட்டுவைக்கப்பட்ட ஓடைக்கு அத்தகைய கேடு நேரவில்லை. 1971 இல் அம்மாநிலம் இயற்றிய வனத்தொழிற் சட்டத்துக்கு இவ்வாராய்ச்சி ஒரு தூண்டுகோலாயிற்று.

அதே மாநிலத்தின் அன்ட்ரூஸ் பரிசோதனைக் காட்டில் பின்னர் கண்ட உண்மை கமக்காரர் அனைவரும் அறியத்தக்கது. முதுகாட்டை வெட்டியவுடன் ஆற்றில் நீர் கூடுகின்றது. இதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. மரம் குடித்த நீர் மிஞ்சுவதால் அவ்வாறு நிகழ்கின்றது. வெட்டியவனும் அவனுக்கு அனுமதி அளித்தவனும் இதனைக் காட்டித் தம்மை நியாயப்படுத்துவர். ஆனால் வெட்டிய இடத்தில் இளங்காடு எழுகின்றது. வளரும் பிள்ளை அதிகம் உண்பதுபோல் வளரும் இளமரம் அதிகம் குடிக்கின்றது. 25 முதல் 45 வயதான தோட்டக் காட்டிலிருந்து வந்த கோடைகால நீர், 150 முதல் 500 வயதான முதுகாட்டிலிருந்து வந்த நீரின் பாதி அளவுக்குக் குறைந்திருந்ததை 2017 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நீர் குறைந்தது மழைக்காலத்தில் அன்று, நீர் மிகவும் தேவைப்படும் வரட்சிக் காலத்திலேயே என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகருக்கு நீர் தரும் மலைக்காடுகளில் இதற்கு ஒத்த சரித்திரம் உண்டு. 1939 இல் பெருந்தீ அந்த முதுகாட்டின் பெரும் பகுதியை எரித்தது. அதன்பின் முளைத்த யூக்கலிப்டஸ் இளங்காடு இருபது முப்பது வயதை அடைந்தபோது நீர்வரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கத்தக்கதாயிற்று என்றும், பழைய அளவு திரும்புவதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டும் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டனர்.

அவை குளிர்நாட்டுக் காடுகள்; அவற்றின் இலக்கங்களை எடுத்து அப்படியே முந்தனையாற்றுக்குப் பொருத்துவது தவறு. நமது மரங்கள் வேறு, மண் வேறு, மழையும் வேறு. மேலும் இங்கே வெட்டிய இடத்தில் எப்பொழுதும் இளங்காடு எழுவதில்லை. சோளச் சேனையோ, வெறும் பற்றையோ எழுகின்றது. அவ்விடத்தில் கேடு வேறு வழியாக வருகின்றது. காக்கும் வேரின்றி மண் ஓடையில் இறங்கிக் குளத்தை அடைகின்றது. குளத்தின் அடி உயர்ந்தால் அது தாங்கும் நீர் குறையும். பெரும்போகம் தப்பினாலும் சிறுபோகம் கைவிட்டுப்போகும். எண் மாறலாம், காட்டை வெட்டியவன் அடையும் இலாபம் முதல் ஆண்டிலும், ஆற்றை நம்பியவன் அடையும் நட்டம் அடுத்த தலைமுறையிலும் வருகின்றது என்னும் உண்மை மாறாது.

கன்று நடுவது ஈடாகுமா?

வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடுகின்றோம் என்று கூறுவோருக்கு நமது தீவிலிருந்தே விடை உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலோரங்களிலும் வாவிக் கரைகளிலும் கண்டல் நடும் முயற்சி பெருமளவில் நடைபெற்றது. படம் எடுக்கப்பட்டது, பலகை நாட்டப்பட்டது. அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயரிலேயே கண்டல் நிலைத்தது என்று கூறிற்று. சில இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. நல்லெண்ணத்தில் குறைவில்லை, பணத்திலும் குறைவில்லை. ஆயினும் தகாத இடத்தில் தகாத கன்று நடப்பட்டது. நட்டபின் காப்பாரும் இல்லை.

போர்க்காலத்தில் வீதியோரங்களிலும் முகாம்களின் சுற்றாடலிலும் பாதுகாப்பின் பெயரால் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டதை நமது மக்கள் கண்டனர். 2009 இல் போர் முடிந்தபின் அதுவரை எவரும் புகாத காடுகளுக்குப் பாதை திறந்தது. முதிரைக்கும் பாலைக்கும் விலை இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியிலும் பாரவண்டியிலும் மரம் இறங்கிற்று. வெட்டியவரில் எல்லா இனத்தாரும் உண்டு. வாங்கியவரிலும் எல்லா இனத்தாரும் உண்டு. தமிழர் வீட்டுக் கதவுநிலைக்குச் சென்ற முதிரை எந்த ஓடைக்கரையில் நின்றது என்று நம்மில் எத்தனைபேர் கேட்டனர்? பிறரைக் குற்றங்கூறும் உரிமை வேண்டுமானால் இந்தக் கேள்வியையும் நாம் கேட்கவேண்டும்.

அரசு அறிந்த பாடம்

காட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவை அரசு அறியாதது அன்று. 1949 இல் பட்டிப்பளை ஆற்றுக்குக் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. கீழ்ப் பள்ளத்தாக்கில் பெருங்காடு இயந்திரத்தால் வீழ்த்தப்பட்டுக் குடியேற்றம் நடைபெற்றது. அக்குடியேற்றம் கிழக்கின் குடித்தொகையை மாற்றியதையும், 1956 இல் அப்பள்ளத்தாக்கில் சிந்திய இரத்தத்தையும் தமிழ் பேசும் மக்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. அதே அரசு 1954 இல் சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து நிலத்தைக் கல்லோயா தேசிய வனமாக்கிக் காவலிட்டது. மேலுள்ள காடு அழிந்தால் கீழுள்ள குளம் தூரும் என்பதை அணை கட்டியவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெருங்குளத்துக்கு வழங்கப்பட்ட அந்த நீதி, உன்னிச்சைக்கும் உறுகாமத்துக்கும் நீர் கொண்டுவரும் சிற்றோடைகளுக்கும் வழங்கப்படவேண்டும் என்றே நாம் கேட்கின்றோம்.

இன்று மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களின் பிரச்சினை நம்முன் நிற்கின்றது. அந்நிலங்களில் காடு வெட்டி எரித்துப் பயிர் செய்வதை எதிர்த்துப் பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். அதனை மாட்டுக்கும் மனிதனுக்குமான வழக்காக மட்டும் சிலர் காண்கின்றனர். இரு இனங்களின் வழக்காக மட்டும் வேறு சிலர் காண்கின்றனர். அது நீரின் வழக்குமாகும். மேட்டுநிலத்து ஓடைக்கரை வெளியானால் கீழேயுள்ள எல்லா மொழியாருடைய வயலுக்கும் ஒரே மணலே வந்து சேரும்.

சட்டத்தின் ஓட்டைகள்

சட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் உண்டு. 1947 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், இன்றைய அரச காணிகள் கட்டளைச் சட்டம், பொது நீரோடைகளின் ஊற்றையும் போக்கையும் காக்க அரச காணியை ஒதுக்கீடு செய்ய அதிகாரமளிக்கின்றது. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1993 ஜூன் 24 இல் வெளியான 772/22 இலக்க வர்த்தமானி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதற்கும், ஐந்து ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் மரம் எடுப்பதற்கும் முன்னாய்வும் அனுமதியும் வேண்டும் என்கின்றது. பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் என்றால் பரப்பளவு எவ்வளவு சிறிதாயினும் அனுமதி வேண்டும்.

நல்ல விதி. ஆனால் அந்த 60 மீற்றர், போக்கில் ஏதேனும் ஓரிடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ஓடைக்கே உரியது. அகன்ற ஆற்றுக்குக் காவல். ஒடுங்கிய ஓடைக்கு அக்காவல் இல்லை. இயற்கையின் முறையோ இதற்கு நேர்மாறானது. அகன்ற ஆற்றின் நடுவில் கரைமரத்தின் நிழல் எட்டுவதில்லை. இருகரை மரங்களும் மேலே கைகோத்து மூடுகின்ற சிற்றோடையே அந்த மரத்தை முற்றாக நம்பி வாழ்கின்றது. பேராற்றின் நீரும் இத்தகைய நூறு சிற்றோடைகளின் நீரே அன்றோ?

இரண்டாவது ஓட்டை, இவ்விதி ‘செயற்றிட்டம்’ என்று பெயரிடப்பட்டதையே பிடிக்கின்றது. இரவில் ஒரு மரம், மறுவாரம் இரு மரம் என்று வெட்டிச் செல்பவனுக்குச் செயற்றிட்டமும் இல்லை, முன்னாய்வும் இல்லை. மூன்றாவது ஓட்டை, மேற்கூறிய விதிகளில் ஆற்றங்கரை மரத்தின் வயதுக்கு இடமில்லை. முதிர்ந்த மருதஞ்சோலையும் அண்மையில் நட்ட தேக்கந்தோட்டமும் அளவுகோலின்முன் ஒரே காடு.

இவற்றுக்கு மேலாகக் காட்டின் தலைவிதி ஒரு சுற்றறிக்கையில் தொங்குகின்றது. எஞ்சிய அரச காடுகளை வன பரிபாலனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்த 2001 ஆம் ஆண்டின் 5/2001 சுற்றறிக்கை 2020 நவம்பரில் இரத்துச் செய்யப்பட்டு, அவற்றைப் பயிர்ச்செய்கைக்கும் பிற தேவைக்கும் விடுவிக்கும் வகையில் பிரதேச மட்டத்துக்கு மாற்றும் புதிய அறிவுறுத்தல் வெளியாயிற்று. சுற்றாடல் அமைப்பினர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. பல தலைமுறை வாழ்ந்த காட்டின் காவல் ஒரு காகிதத்தில் கொழும்பில் மாறுவதும், அக்காட்டின் நீரை அருந்துவோர் பத்திரிகையில் படித்து அதனை அறிவதும் முறையாகுமா?

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்குமாறு பணிக்கின்றது. அரச காணியின் பயன்பாட்டுக் கொள்கை அரசியல், இன அடிப்படையில் அன்றித் தொழில்நுட்ப அடிப்படையில் வகுக்கப்படவேண்டும் என்றும், மண், மழை, மண்ணரிப்பு, வனப்போர்வை ஆகியவற்றைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. நாம் கேட்பது நாட்டின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அந்த ஆணைக்குழுவோ இன்றுவரை அமைக்கப்படவில்லை.

கமக்காரர் கூறும் மறுப்பு

கமக்காரர் கூறும் மறுப்புகளையும் நாம் செவிமடுக்கவேண்டும். கரைமரம் வயலில் நிழல் விழுத்துகின்றது. கதிர் சரியாக முற்றுவதில்லை என்கின்றனர். உண்மைதான், அதற்குக் கிளையை நறுக்கலாம், அடிமரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. கரைக்காட்டில் யானை தங்குகின்றது என்கின்றனர். உயிரையும் பயிரையும் இழந்தவரின் அச்சத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் கரையை வெளியாக்கிய இடத்திலும் யானை வரவே செய்கின்றது; உணவும் வழித்தடமும் இழந்த விலங்கு வெளியையும் கடக்கும். வீழ்ந்த மரம் பாலத்தில் அடைத்து வெள்ளத்தை ஊருக்குள் திருப்புகின்றது என்கின்றனர். பாலத்திலும் அணைக்கட்டிலும் மதகிலும் அடைத்ததை அகற்றவே வேண்டும். காட்டுக்குள் கிடப்பதை விட்டுவிட வேண்டும்.

வறியவன் அடுப்புக்கு விறகு பொறுக்குவதையும், கட்டையும் கம்பும் வெட்டிப் பிழைப்பதையும் மர வியாபாரத்தோடு ஒன்றாகக் கட்டி நிறுத்துவது அநீதி. நீதிமன்றப் படியில் தண்டத்துக்கு நிற்பவன் பெரும்பாலும் கூலிக்கு வெட்டியவன். பாரவண்டியின் உரிமையாளனை அங்கு காண்பது அரிது. சட்டத்தின் கை மேலே நீளவேண்டும்.

நாம் வேண்டுவது

முதலாவதாக, 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் காக்கின்றது. உணவு தரும் மரத்தை அனுமதியின்றி வீழ்த்தலாகாது என்ற அந்த நீதி, நீர் தரும் மரத்துக்கும் உரியது. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்கும் மருது, இலுப்பை, புங்கு ஆகியவற்றை அச்சட்டத்தின்கீழ் கொண்டுவரவேண்டும்.

இரண்டாவதாக, 1993 ஆம் ஆண்டு விதியில் 25 மீற்றர் அகலம் என்ற நிபந்தனையை நீக்கிச் சிற்றோடைக்கும் தகுந்த அளவு கரைக்காவல் வழங்கவேண்டும். கரையில் முதுகாடு நிற்குமிடத்தில், ஈடாகக் கன்று நடுவேன் என்னும் வாக்குறுதியை ஏற்று வெட்ட அனுமதி வழங்கலாகாது.

மூன்றாவதாக, போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளும், நீர் திறக்கும் நாளும், வாய்க்கால் துப்புரவும் முடிவு செய்யப்படுகின்றன. கரைமரமும் அந்நிகழ்ச்சிநிரலில் ஏறட்டும். அணைக்கட்டும் கலிங்கும் எவ்வாறு நீர்ப்பாசனத்தின் உறுப்போ, ஆற்றங்கரை முதுமரமும் அவ்வாறே ஓர் உறுப்பு. வட்டவிதானையும் கமக்காரர் அமைப்பும் தத்தம் ஓடையில் நிற்கும் பெருமரங்களை எண்ணி ஏட்டில் பதியட்டும். அடுத்த போகத்தில் ஒன்று குறைந்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். இதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை.

நான்காவதாக, நில அளவையாளரும் பொறியியலாளரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் இந்த ஏட்டுக்குத் தம் கைத்திறனை வழங்கவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் நமது வாசலிலேயே இருக்கின்றது. நிழலுள்ள ஓடையிலும் நிழலற்ற ஓடையிலும் நீரின் வெப்பத்தையும் ஒட்சிசனையும் ஆண்டுதோறும் அளந்து வைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். ஓரிகனில் பதினைந்து ஆண்டு அளந்தார்கள். அந்த அளவீடு சட்டத்துக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. நமது மண்ணின் எண்ணை நாமே கையில் ஏந்திச் சென்றால், அது குளிர்நாட்டு எண் என்று எவரும் தட்டிக்கழிக்க இயலாது.

காணியதிகாரம் கேட்டுப் போராடும் மக்கள் நாம். அவ்வதிகாரம் கிடைத்த பின்னர் காட்டைக் காப்போம் என்று காத்திருந்தால் காப்பதற்குக் காடு இராது. வரும் பெரும்போகக் கூட்டத்திலேயே ஓடைக்கு ஓர் ஏடு திறக்கப்படவேண்டும். கமக்காரப் பெருமக்களே, கூட்டத்துக்குச் செல்லும் முன்னர் உங்கள் ஓடைக்கரையில் இன்று நிற்கும் முதுமரங்கள் எத்தனை என்று எண்ணிச் செல்லுங்கள்.